தனி அறையா, கூட்டு வீடா? பீடோங் பக்கம் படிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், செமிலிங், சுங்கை பட்டாணி வட்டாரத்தைச் சுற்றி ரப்பரும் செம்பனையும்தான். செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால் ஆண்டுதோறும் வெளியூர்ப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். ஹாஸ்டலா, தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாடகை வீடா, தனி அறையா, நாலு பேரோடா என்று பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. தனியா இருந்தா சந்தோஷமா, கூட்டா இருந்தா சந்தோஷமா?

முதல் வருஷத்துக்குக் கூட்டு வீடு, அதில் உங்களுக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை. கையில் காசு இடம் கொடுத்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஒரு மாணவருக்கு இரண்டு வேண்டும். ராத்திரி பத்து மணியாகியும் ஆள் வீடு திரும்பவில்லை என்றால் கவனிக்க ஒருவர். எவரும் எதுவும் கேட்காமல் அரை மணி நேரம் சும்மா படுத்துக் கிடக்க ஓர் இடம். தனி வீட்டில் இரண்டாவது மட்டும் கிடைக்கும். ஒரே அறையில் நாலு மெத்தை போட்ட வீட்டில் முதலாவது மட்டும் கிடைக்கும். எது கிடைக்கவில்லையோ அதற்குத்தான் மனசு ஏங்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மனசு விட்டுப் பேச நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, கூடிப் பழகும் வட்டம் இல்லாத தனிமை மற்றொன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரப்ப முடியாது என்றார். ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் வாடிப்போவதற்கும், காதலியோடு தினமும் மூன்று மணி நேரம் போனில் பேசுகிறவர் ஊருக்குள் தனியாகத் திரிவதற்கும் காரணம் இதுதான்.

கூட்டுக் குடும்பமா இருக்கிறவங்கதான் சந்தோஷமா இருக்காங்கன்னு ஓர் அறிக்கை வந்துச்சே?

2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையைச் சொல்கிறீர்கள். மெக்சிகோவிலும் ஐரோப்பாவிலும் நாலைந்து பேர் சேர்ந்து வாழும் வீடுகளில் மகிழ்ச்சி அதிகம் என்று அதில் உள்ளது. ஆனால் அந்த வீடுகளில் பெரும்பாலானவை குடும்பங்கள். ஏஜெண்டு கைகாட்டிய வீட்டில் போய்ச் சேர்ந்த நாலு மாணவர்களுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

அதே அறிக்கையில் நமக்கு நேராகப் பயன்படும் சேதி வேறு. மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடும் வேளைகள் கூடக் கூட, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறது என்று சொல்கிறவர்களும் கூடுகிறார்கள். சேர்ந்து சாப்பிடுவதால் மகிழ்ச்சி வருகிறதா, மகிழ்ச்சியாக இருப்பவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்பதை அந்தத் தொடர்பு மட்டும் சொல்லிவிடாது. ஆனாலும் ஒரு வாடகை வீட்டில் நாளைக்கே மாற்றக்கூடியது இது ஒன்றுதான். அதனால்தான் கீழே சமையலுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

தோட்டத்துல வளர்ந்த பிள்ளைங்களுக்கு இதுல என்ன வித்தியாசம்?

நிறைய வித்தியாசம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் சுவர் பொதுச் சுவர். பக்கத்து வீட்டு அத்தை தாளித்தால் இங்கே தும்மல் வரும். அங்கே தனிமையும் கிடையாது, தனியிடமும் கிடையாது. அப்படி வளர்ந்த பிள்ளை, கேட் பூட்டிய தாமான் வீட்டின் பின்னறையில் ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் அந்த அமைதியே காதை அடைக்கும். இது மனநோய் இல்லை, பலவீனமும் இல்லை. பழகிய சத்தம் போய்விட்டது, அவ்வளவுதான். மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும்.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு சிக்கல். இங்கே கடைகள் சீக்கிரம் சாத்திவிடும், மோட்டார் சைக்கிள் இல்லாதவர் இருட்டியதும் வீட்டுக்குள்தான். இன்னொன்று, கெடாவில் அரசாங்க விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறன்று அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள், உங்களுக்கு வகுப்பு இருக்கலாம். வெள்ளியன்று அரசாங்க அலுவலகத்துக்குப் போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

உள்ளூர் ஹவுஸ்மெட்டுகள் வாரக் கடைசியில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். ஐந்து நாள் கலகலப்பு, இரண்டு நாள் வெறும் வீடு. அந்த இரண்டு நாளுக்குத் தனித் திட்டம் வேண்டும். கம்யூட்டர் ரயில் பிடித்து சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் போய்வருவதோ, கோயிலில் பந்தி பரிமாறுவதோ, ஏதோ ஒன்று.

எத்தனை பேர் சரி?

மூன்று அறை, இரண்டு குளியலறை கொண்ட மாடியில்லா வரிசை வீட்டுக்கு நாலு பேர்.

குளியலறைக் கணக்கு போட்டுப் பாருங்கள். காலை எட்டு மணி வகுப்புக்கு ஆளுக்குக் கால் மணி நேரம். ஆறு பேருக்கு ஒரே குளியலறை என்றால் 90 நிமிடம், முதல் ஆள் ஐந்தே முக்காலுக்கே எழ வேண்டும். நாலு பேருக்கு இரண்டு இருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாரும் தயார். சண்டைகளில் பாதி குணத்தால் வருவதில்லை, குழாயால் வருகிறது.

மூன்று பேரில் இருவர் ஒரே வகுப்பு, ஒருவர் வேறு வகுப்பு என்றால் அந்த ஒருவர் வெளியே நிற்பார். மூவரும் வெவ்வேறு வகுப்பாக இருந்தால் நன்றாகப் போகும்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வரைக்கும் ஒண்ணா படிச்ச நண்பனோடயே வீடு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒரே அறை மட்டும் வேண்டாம். நல்ல நண்பர் நல்ல ஹவுஸ்மெட்டாகவும் இருப்பார் என்று சொல்ல முடியாது. சேருமுன் நான்கே கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்குப் படுப்பே? சாப்பிட்ட தட்டை எப்போ கழுவுவே? மாசம் எத்தனாம் தேதி உன் கையில காசு இருக்கும்? உன் ஆளு, உன் சொந்தக்காரங்க ராத்திரி தங்குவாங்களா? இந்த நான்கிலும் ஒத்துப்போகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

அந்நியரோடு பழகக் காலம் எடுக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு: கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாகக் கல்லூரி சேர்ந்தவர்களையும் சேர்த்து ஆராய்ந்து, சாதாரண நட்புக்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நல்ல நட்புக்கு 90 மணி நேரமும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கிறது என்று கணித்தார். தினம் ஒரு மணி நேரம் சேர்ந்து சாப்பிட்டுப் பேசினால் இரண்டு மாதத்துக்குள் முதல் படி ஏறியாகிவிடும். ஒரே கூரைக்குக் கீழே அவரவர் அறையில் போனோடு இருக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது.

ரூம்மெட் சரியில்லன்னா என் மார்க்கும் இறங்குமா?

கொஞ்சம் இறங்கலாம், ஏறவும் செய்யலாம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் குலுக்கல் முறையில் அறை ஒதுக்கப்பட்ட மாணவர்களைப் பொருளியலாளர் புரூஸ் சாசர்டோட் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார். அறைத் தோழரின் பாதிப்பு மதிப்பெண்ணில் தெரிந்தது. எந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் தெரியவில்லை.

ஒரே அறையில ரெண்டு பேர். தூக்கமே வரல.

18 முதல் 25 வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது இரண்டு வாரம் கெட்டால் எந்த ரூம்மெட்டும் எதிரியாகத்தான் தெரிவார். அதனால் குணத்தைத் திருத்துவதற்கு முன் தூக்கத்தைச் சரி செய்யுங்கள்.

பெரிய விளக்கை அணைக்க ஒரு நேரம், பதினொன்றோ பதினொன்றரையோ, இருவரும் ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு படிக்கிறவர் மேசையில் கவ்விப் பிடிக்கும் சின்ன விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். போன் பேச்சு ஹாலில். அலாரம் ஒரே ஒரு முறை, தலையணைக்கு அடியில், அதிர்வில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்க விட்டுவிட்டுத் தூங்குவதுதான் அதிகம் பேர் சொல்லும் குறை. ஃபேன் வேகத்தில் தகராறு என்றால் கட்டிலை மாற்றிப் போடுங்கள், குளிர் தாங்காதவர் மூலைக்கு.

வாடகை, டெப்பாசிட், பில் எல்லாம் எப்படிப் பிரிக்கிறது?

வழக்கமாக இரண்டு மாத டெப்பாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. வாடகை 800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 1,600, 400, 800, மொத்தம் 2,800. நாலு பேருக்கு ஆளுக்கு 700. அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனை நம்பி இதைக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். பதிவும் ஒப்பந்தமும் முடிந்த பிறகே பணம் வரும், வரும்போது கல்விக் கட்டணம் முதலில் கழியும். முதல் இரண்டு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நாலு பேர் பெயரும் வரட்டும். ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால், நடு செமெஸ்டரில் இன்னொருவர் கிளம்பும்போது முழு வாடகையும் அந்த ஒருவர் தலையில் விழும். கிளம்புகிறவர் மாற்று ஆள் பிடித்துத் தர வேண்டும், பிடிக்கும்வரை தன் பங்கைக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது, அதையும் முடித்துவிடுங்கள்.

அடுத்து ஏர்கோன், அதாவது குளிர்சாதனம். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் மணிக்குச் சுமார் 0.8 யூனிட் இழுக்கும். தினம் 8 மணி நேரம், 30 நாள் என்றால் 192 யூனிட். அதே நேரத்துக்கு 70 வாட் சீலிங் ஃபேன் 17 யூனிட்தான். ஓர் அறையில் மட்டும் ஏர்கோன் ஓடினால் பில்லை நாலாகப் பிரிப்பது அநியாயம். ஏர்கோன் அறைக்காரர் மாதம் இவ்வளவு கூடுதல் என்று முதல் நாளே பேசி முடியுங்கள். பேசாமல் விட்டால் மூன்றாம் மாத பில் வரும் அன்று வெடிக்கும்.

கெடாவில் தண்ணீர்த் தடை புதிதில்லை. ஆளுக்கொரு மூடி போட்ட பெரிய வாளி குளியலறையில் நிறைந்தே இருக்கட்டும். மூடி முக்கியம், இல்லாவிட்டால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு.

சேர்ந்து சமைக்கிறது நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால் மூன்று வேளையும் என்று ஆரம்பித்தால் பத்தே நாளில் நின்றுவிடும். ராத்திரிச் சாப்பாடு மட்டும், வாரத்துக்கு ஐந்து நாள், எட்டரை மணிக்கு. இதுதான் நிலைக்கும் அளவு.

நாலு பேருக்கு ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் மூன்று கப் அரிசி. கப்புக்குச் சுமார் 150 கிராம், ஆக 450 கிராம். 10 கிலோ மூட்டை 22 ராத்திரிக்கு வரும், ஏறக்குறைய ஒரு மாதம். கட்டுப்பாட்டு விலையில் கிடைக்கும் உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட், ஆளுக்கு ஆறரை ரிங்கிட். 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) 26 ரிங்கிட் 60 காசு, நாலு பேருக்கு ஆறே முக்கால் கூட வராது. தினமும் வெளியே பொட்டலம் கட்டிக்கொள்வதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முறை எளிது. ஒருவர் சோறும் ஒரு குழம்பும், இன்னொருவர் காய் அல்லது முட்டை. மற்ற இருவர் கழுவல். சமைத்தவர் கழுவக் கூடாது என்பதை மாற்றவே வேண்டாம். சமைக்கத் தெரியாதவர் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய் வாங்கி நறுக்கி வைக்கட்டும். சாம்பார், முட்டைக் குழம்பு, டின் மீன் பிரட்டல், பருப்பும் ரசமும், கோழிக் குழம்பு என்று ஐந்தே வகை போதும்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். மிச்சச் சோற்றைக் குக்கரை அணைத்து அப்படியே விட்டுவிட்டுப் படுப்பார்கள், காலையில் மூடியைத் திறந்தால் வழவழப்பும் புளித்த வாடையும். இந்தச் சூட்டில் ஆறிய சோற்றில் கிருமி பெருகி வாந்தி வயிற்றுப்போக்கு வரும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் டப்பாவில் போட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் அவருக்குத் தனி வாணலி, தனிக் கரண்டி, வெள்ளிக்கிழமை முழு வீட்டுக்கும் சைவம். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வீட்டுக்குள் வரலாமா என்பதை முதல் வாரமே வெளிப்படையாகக் கேளுங்கள். வாய்விட்டுக் கேட்காததால் கசந்த வீடுகள் உண்டு.

எட்டரை மணிக்குத் தட்டு நாலு. மூன்றுதான் நிரம்புகிறது என்றால் யாரோ ஒருவர் எழுந்து போய்க் கதவைத் தட்டுவார். "டேய், சாப்பிட வரல? தலைவலியா?" இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். தனி அறையில் இருப்பவருக்கு இது தெரியவர இரண்டு வாரம் ஆகலாம்.

சண்டை வந்தா?

வரும். இரண்டு நாளுக்குள் பேசுங்கள், நேரில், மற்றவர்கள் இல்லாதபோது. வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், அங்கே மற்ற இருவரும் சாட்சியாகிவிடுவார்கள், சாட்சி வந்தால் எவரும் இறங்கி வரமாட்டார்கள்.

ஆளைச் சொல்லாதீர்கள், பொருளைச் சொல்லுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால் அவர் திருப்பி அடிப்பார். "மூணு நாளா உன் குண்டான் சிங்க்ல கிடக்கு, இன்னிக்கு ராத்திரிக்குள்ள கழுவிடு" என்றால் கழுவுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. பழைய கணக்கு எதையும் கூடச் சேர்க்காதீர்கள்.

பணம் திருடுவது, அடிப்பது, குடித்துவிட்டுக் கதவை உதைப்பது, இவை பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. வீட்டை மாற்றுங்கள்.

நான் ஏற்கனவே தனியாத்தான் இருக்கேன். எனக்கு என்ன வழி?

தனியாக இருந்தும் நன்றாக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் தற்செயலை நம்புவதில்லை, வாரத்தில் நாள் குறித்து வைத்திருப்பார்கள். இரண்டு ராத்திரி வகுப்புத் தோழர் வீட்டில் சாப்பாடு, அரிசியோ கோழியோ உங்கள் செலவு. ஒரு நாள் பந்தாட்டம், ஒரு நாள் கோயில். மாற்றுச் சாவி பக்கத்துத் தாமானில் நம்பகமான ஒருவரிடம். காலையில் ஒருவருக்கு ஒரு குறுஞ்செய்தி, பத்து மணிக்குள் வரவில்லை என்றால் அவர் கூப்பிட வேண்டும் என்ற ஒப்பந்தம்.

காய்ச்சல் வந்தால் அது இன்னும் முக்கியம். டெங்கியில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து. உடம்பு ஆறிவிட்டது என்று தனியாகப் படுத்துவிடுவார்கள். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக மருத்துவமனை. டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் தொடாதீர்கள், பாராசிட்டமோல் மட்டும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான்.

மகளை வெளி வீட்டுல விடப் பயமா இருக்கு.

வீடு பார்க்கப் பகலில் ஒரு முறை, இரவு எட்டுக்கு மேல் ஒரு முறை போங்கள். பின்சந்தில் விளக்கு எரிகிறதா, பின்கதவுக்கு இரும்பு கிரில் இருக்கிறதா என்று பாருங்கள். குடியேறிய அன்றே மாங்காய்ப் பூட்டுகளை (தொங்கு பூட்டுகளை) மாற்றுங்கள், முன்பு இருந்தவர்கள் எத்தனை சாவி அடித்தார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அறைக்கு உள் தாழ்ப்பாள் கட்டாயம்.

பிள்ளை நல்லா இருக்கானான்னு போன்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேட்டா 'நல்லா இருக்கேம்மா'ன்னு முடிச்சிடுறான்.

"நல்லா இருக்கியா" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். "இன்னிக்கு ராத்திரி யாரோட சாப்பிட்டே?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் கவலையில்லை. ஒரு வாரம் முழுக்கப் பெயரே வரவில்லை என்றால் நேரில் ஒரு நடை போய் வாருங்கள்.

பிள்ளை தானே பார்த்துக்கொள்ள ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எட் டீனரும் அவர் குழுவும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலில் ஐந்தே வாக்கியங்கள். என் வாழ்க்கை பெரும்பாலும் நான் விரும்பியபடி இருக்கிறது என்பது போன்ற ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், மொத்தம் 5 முதல் 35. இருபது நடுநிலை. மூன்றாம் வாரம் ஒரு முறை, பத்தாம் வாரம் ஒரு முறை எழுதுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள், இரண்டுக்கும் இடையே எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

எப்போ உதவி கேட்கணும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வகுப்பு மூன்றும் குலைந்திருந்தால் வீடு மாறினாலும் போதாது, ஆலோசகரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனம் விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும். உயிரை விடத் தோன்றுகிறது என்று சொன்னால் போலீஸ் வந்துவிடும் என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஹவுஸ்மெட் அப்படிச் சொன்னால் கூடவே உட்காருங்கள், அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள், உயிருக்கு உடனே ஆபத்து என்றால் 999.

ஒத்துவரல, செமெஸ்டர் நடுவுல மாறலாமா?

ஆறு வாரம் பாருங்கள். அதற்குள் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் மாறுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. தேர்வுக்கு முந்தைய மூன்று வாரத்தில் மட்டும் மாற வேண்டாம். உள்ளே வந்த அன்று எடுத்திருந்தால், மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர், சுவர் கறை, உடைந்த ஜன்னல் கண்ணாடி, குளியலறைக் கதவின் அடிப்பக்கம் ஆகியவற்றின் படங்கள் இப்போது கைகொடுக்கும். எடுக்காதவர்கள் இன்றே எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். டெப்பாசிட் திரும்பி வரும் வேளையில் பேச்சு வருவது பெரும்பாலும் அந்தக் கதவின் அடிப்பக்கத்தைப் பற்றித்தான், ஈரத்தில் பலகை உப்பிப் போயிருக்கும்.